மாமா நிற்கும் இடம்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவர் என் தாய்மாமா. மற்ற பிள்ளைகள் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டும் அப்பாவின் வண்டியில் முன்னால் நின்றுகொண்டும் போகையில், நாங்கள் இருவர் மட்டும் பழங்காநத்தம் கடைவீதியில் நடந்து போவோம். நடந்து என்றால், கொஞ்சம் நடந்து, நின்று, மறுபடி கொஞ்சம் நடந்து.

மாமா லாரி ஓட்டியவர். திருமங்கலத்தில் சரக்கு ஏற்றினால் மகாராஷ்டிரா போய்த்தான் இறங்குவார். கல்யாணம் செய்துகொள்ள நேரமே கிடைக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். பீடிக்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைத்தது. ஒரு கட்டு காலையில் பிரித்தால் விளக்கு வைப்பதற்குள் காலியாகிவிடும்.

அந்தப் பீடிதான் கடைசியில் அவர் காலைப் பிடித்தது. நடந்தால் இடது கெண்டைக்காலில் முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி வரும். நின்றால் போய்விடும். டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த உறவுக்காரர்கள், நரம்பு பிசகியிருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள். நீவிவிட ஒருவரையும் கையோடு கூட்டி வந்தார்கள். அவர் நல்ல பலசாலி. அவர் நீவி முடித்த பிறகு மாமாவால் வலது காலையும் ஊன்ற முடியவில்லை.

அப்புறம்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு பெண் மருத்துவர் கணுக்காலைத் தொட்டுப் பார்த்து, ஒரு கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, நரம்பில் ஒன்றுமில்லை, இரத்தக்குழாய்தான் உள்ளே அடைத்துக்கொண்டு வருகிறது என்றார். பீடியை விடாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு தினமும் நடக்கச் சொன்னார். வலித்தால் நிற்க வேண்டும், வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும், வலிக்குப் பயந்து படுத்துவிடக் கூடாது. இதை அம்மா வந்து அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எடுத்த காலை எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன். அப்பா என்னைத் தெருவில் போய் விளையாடச் சொன்னார்.

மாமா அன்றைக்கே பீடியை விட்டார். விட்டவர் விட்டவர்தான். முதல் சில வாரங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவையே வெறித்துப் பார்ப்பார், காரணமில்லாமல் எரிந்து விழுவார், பிறகு என்னைக் கூப்பிட்டு, "மருமகளே, கோவிச்சுக்காத" என்பார். பீடிக்கட்டு இருந்த சட்டைப்பையில் பொட்டுக்கடலை வந்தது. சாயங்கால வடையை ஒரு வாரம் விட முடியாத எனக்கு, இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பதக்கம் வாங்கியவர்கள் உண்டு, பட்டம் வாங்கியவர்களும் உண்டு. மாமா செய்ததை வேறு யாரும் செய்யவில்லை.

எப்படியும் நடக்கத்தான் வேண்டும், பிள்ளையையாவது கொண்டுபோய் விடட்டும் என்று அம்மா என்னை அவரோடு அனுப்பினாள். என்னைத் தனியே அழைத்து ஒரு வேலையும் கொடுத்தாள். மாமா வழியில் பீடி வாங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். முதல் தடவையாக எந்த இடத்தில் நிற்கிறார் என்றும் பார்த்து வந்து சொல்ல வேண்டும். போலீஸ் வேலை கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆரம்பத்தில் டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே நின்றுவிடுவார். எங்கள் தெருமுனைதான் அது. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்திருக்கும். வலிக்கிறது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். அங்கே கட்டியிருக்கும் பிளெக்ஸ் பேனரை அண்ணாந்து பார்த்து, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். மீசை முளைக்காத பையன்களெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டு வரிசையாக நிற்பதைக் காட்டி, இதில் எவன் பரீட்சையில் பாஸ் ஆகியிருப்பான் சொல்லு பார்ப்போம் என்று என்னைக் கேட்பார். நான் ஒருவனைக் காட்டுவதற்குள் வலி போயிருக்கும். நடப்போம்.

ஆடி மாதம் போல அந்த இடம் பாத்திரக்கடை வாசலுக்கு நகர்ந்தது. அங்கே பேனர் இல்லாததால் மாமா கடையையே உற்றுப் பார்த்தார். தினமும் ஒரே இடத்தில் நின்று, கடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவரைப் பற்றி கடைக்காரர் என்ன நினைப்பார்? ஆக்கிரமிப்பு எடுக்க கார்ப்பரேஷனிலிருந்து வந்த ஆள் என்று முடிவு செய்துவிட்டார். எங்களைக் கண்டதும் நடைபாதையில் அடுக்கியிருந்த அண்டாக்களையும் வாளிகளையும் உள்ளே இழுக்கத் தொடங்கினார். மாமாவும் அதை மறுக்கவில்லை. நன்றாக இழுங்கள் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு நடந்தார்.

அதற்கடுத்து வந்தது தையல் கடை. ஒரு அக்கா தனியாளாக நடத்திய சின்னக் கடை. அவர் புருஷன் இறந்து ரொம்ப நாளாயிற்று என்று அம்மா சொல்லியிருந்தாள். மாமா அங்கேயும் சில நாள் சும்மா நின்றார், தொங்கவிட்டிருந்த ஜாக்கெட்டுகளைப் பார்க்கவும் கூச்சப்பட்டு ரோட்டைப் பார்த்தபடி. ஒரு நாள் அந்த அக்கா மிஷினை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டுவிட்டார்.

"தெனமும் வாசல்ல வந்து நிக்கிறீங்க. என்ன வேணும் உங்களுக்கு?"

அண்டாக் கடைக்காரரை ஏமாற்றிய மாமா இங்கேயும் ஏதாவது கதை விடுவார் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அவர் விடவில்லை.

"ஒண்ணும் வேணாங்க. கால்ல ரத்தக்குழா அடைச்சிருக்கு. இம்புட்டுத் தூரந்தான் வருது. கொஞ்சம் நின்னாத்தான் மேக்கொண்டு போக முடியும்."

எங்கள் வீட்டில்கூட அவர் அப்படி உடைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அக்கா எழுந்து, துணி குவிந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலி செய்து, தூசி தட்டி வாசலில் போட்டார். மாமா உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து நாங்கள் போவதற்கு முன்பே ஸ்டூல் வாசலில் இருக்கும். எனக்குப் பொம்மைக்கு உடுத்த வெட்டுத்துணி கிடைத்தது. அந்த அக்கா திருமங்கலத்தைத் தாண்டிப் போனதில்லையாம். மாமா அவருக்கு மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடானதையும், வடக்கே எங்கோ ஒரு டீக்கடையில் சாம்பார் என்று கேட்டுப் பட்ட பாட்டையும் சொல்வார். அவர் தைத்துக்கொண்டே கேட்பார். வலி போய் ரொம்ப நேரமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். பள்ளிக்கூட மணியை நினைத்து நான்தான் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

தீபாவளி கழிந்த ஒரு காலையில் பேச்சு சுவாரசியத்தில் நடந்தவர் தையல் கடையைத் தாண்டிவிட்டார். நான் கத்தினேன், தாண்டிட்டோம் மாமா, தாண்டிட்டோம் என்று. அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் நம்ப முடியாத ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சந்தோஷத்தை அதன்பின் நான் பார்த்த முகங்கள் குறைவு. அன்று சாயங்காலம் அம்மா கேசரி கிண்டினாள். கிண்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நிற்கும் இடம் புரோட்டாக் கடை வரைக்கும் வந்தது. பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூட வாசல் வரை ஒரே நடை. அடைப்பு அடைப்பாகவே இருந்தாலும் பக்கத்திலிருக்கும் சின்னக் குழாய்கள் பெருத்து வழிவிடத் தொடங்கியிருக்கின்றன என்று மருத்துவர் சொல்லி, மாமாவைப் பாராட்டினாராம். வலியோடு நடக்கச் சொன்னால் பத்தில் ஒருவர்கூட நடக்க மாட்டார்கள் என்றாராம். தையல் கடையைக் கடக்கும்போது மாமா, "வாரேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடப்பார். அந்த அக்கா நிமிர்ந்து தலையாட்டுவார். ஸ்டூல் மட்டும் வாசலிலேயே கிடந்தது. மறந்துபோய் உள்ளே எடுத்து வைக்கவில்லை என்று நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு காலையில் மாமா தையல் கடை வாசலில் நின்றார். நின்றது மட்டுமில்லை, உட்கார்ந்தும் விட்டார்.

புரோட்டாக் கடைக்கும் அப்பால் போய்விட்ட கால், இத்தனை தூரம் பின்னால் வந்துவிட்டதே. வலிக்கிறதா மாமா என்று கேட்டேன். லேசாக என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அன்று பேச்சும் அவ்வளவாக இல்லை. மிஷினும் ஓடவில்லை. மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தார். அடுத்தது பாத்திரக்கடை, அதற்கடுத்தது டிரான்ஸ்பார்மர், அதற்கும் அடுத்து பெரியாஸ்பத்திரி என்று எனக்குக் கணக்கு ஓடியது. வகுப்பில் டீச்சர் கேட்டதற்கு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் போய், மாமா கால் போகப்போகிறது என்று தேம்பினேன். பதறிப்போன அம்மா எங்கே நின்றார் என்று கேட்டாள். தையல் கடையில் என்றேன். அங்கே என்ன செய்தார் என்று கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார், அந்த அக்காவும் குடித்தார் என்றேன். அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை எத்தனை இடத்தில் நின்றார் என்றாள். எங்கேயும் நிற்கவில்லை என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சத்தமில்லாமல் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெற்ற தாய் தகப்பன் மேல் எனக்கு அதுவரை வராத கோபம் வந்தது. ஒருவர் காலை வெட்டப்போகிறார்கள், இவர்களுக்குச் சிரிப்பு.

இனி நான்தான் மாமாவைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் தையல் கடைக்குப் போனேன்.

"அக்கா, மாமாவ இங்க உக்கார விடாதீங்க. இங்கயே நின்னுட்டா காலை எடுத்துருவாங்க. வந்தா வெரட்டி விட்டுருங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அந்த அக்கா மிஷினை நிறுத்தினார். பிறகு பக்கத்தில் இழுத்து, ஒரு வெட்டுத்துணியால் என் முகத்தைத் துடைத்தார்.

"காலுக்கு ஒண்ணுமில்ல பாப்பா. உக்காந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான். குனிந்து மிஷினை ஓட்டத் தொடங்கிவிட்டார். பெரியாஸ்பத்திரி மருத்துவரே தொட்டுப் பார்த்து, கருவி வைத்துக் கேட்டுத்தான் சொல்கிறார். மாமாவின் காலை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காத இவர், தைத்துக்கொண்டே எப்படிச் சொல்லலாம்? ஓட்டமாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புகார் சொன்னேன், அந்தத் தையல் கடை அக்காவுக்கு நம் மாமா மேல் கொஞ்சங்கூட அக்கறை இல்லை என்று.