மலர் சோறு தின்னியா

இதை யாரிடமும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காட்டினால் அக்காவின் நோட்டு போய்விடும்.

செவ்வாய்க்கிழமை கணக்குப் பீரியடில் பியூன் வந்து, பையை எடுத்துக்கொள் என்றார். என் அக்கா செல்வி ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையால் இறந்துவிட்டிருந்தார். வயது இருபத்தாறு. கல்லூரி ஒன்றின் ரேடியோ லேபில் உதவியாளர்.

அவர் வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் வேலை அவருடையது. ஒரு செட் நோணாங்குப்பம் கரையில், இன்னொன்று படகில். படகு ஆட ஆட சிக்னல் மங்கும், நீளமான செய்தி பாதியில் கெட்டுப்போகும். பவரைக் கூட்டு என்றான் துறைத் தலைவன். அவனுக்கு ‘அவர்’ போட என் கை வரவில்லை. கூட்டியும் செய்தி போய்ச் சேரவில்லை. லீவு நாளில் பேட்டரி தூக்கப் போன என்னிடம் அக்கா மெதுவாகச் சொன்னார்:

“கத்துனா கேக்காதுடி. மங்குதுன்னா சின்னச் சின்னத் துண்டா நறுக்கி நம்பர் போட்டு அனுப்பணும். சேந்துச்சுன்னு பதில் வந்தாதான் அடுத்தது. நல்லா கேக்க ஆரம்பிச்சா நீட்டிக்கலாம்.”

கரையிலிருந்து நான் அனுப்பினேன். ஒவ்வொரு துண்டும் சேரச் சேர, அவர் படகில் நின்று கையைத் தூக்கினார். சோதனைக்கு அவர் வைத்த வாக்கியம், இங்கிலீஷ் எழுத்தில், ‘மலர் சோறு தின்னியா’. மலர் நான்தான்.

அக்கா லீவு கேட்டபோது, கட்டுரை அச்சுக்குப் போகட்டும் என்று காய்ச்சலோடு அவரைப் படகில் ஏற்றியவன் அவன். இரங்கல் கூட்டத்தில், “ஒயர் பத்தவைக்கிற பொண்ணு, பாவம், சொன்னதச் செய்யும்” என்றான். அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். மேலே அவன் பெயர் மட்டும். உள்ளே அட்டவணையில் என் பெயர்: மலர் சோறு தின்னியா. என்னவென்று தெரியாமலே எழுதியிருக்கிறான். எங்கள் வகுப்பில் பார்த்து எழுதுகிறவள்கூட பெயரை மாற்றிவிடுவாள்.

இதையெல்லாம் அக்கா தேதி போட்டு எழுதிவைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. நாளைக் காலையில் அதை வாங்க வருகிறான். கொடுக்காவிட்டால் திருட்டுக் கேஸ் என்று மிரட்டியிருக்கிறான். அப்பா தலையாட்டிவிட்டார். அட்டையை வாங்கிக்கொண்டு போகட்டும். நோட்டை நறுக்கிவிட்டேன். அக்காவின் தோழிகளான உங்களுக்கு ஆளுக்கொரு பக்கம், நம்பர் போட்டு. கிடைத்ததும் ஒரு கார்டு போடுங்கள். கார்டு வராவிட்டால் மறுபடி அனுப்புவேன், நகல் எடுத்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்ததும், அந்தக் கட்டுரையைப் படிக்க அவன் மேடையேறும் நாளில், வரிசையாக நின்று படியுங்கள். அவன் முகம் மங்குவதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அக்கா, தூக்கிய கையோடு அந்தப் படகிலேயே நில்லுங்கள். கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. இன்னும் தின்னலக்கா. எல்லாம் போய்ச் சேரட்டும்.

விடிவதற்குள் கதவு தட்டுகிறார்கள். அப்பா இப்படித் தட்டமாட்டார். உங்களுடையது ஏழாம் பக்கம். அதை