சூராவ் வாசலில் நின்றவள்

ஹென்றி சாமானியமான ஓட்டுநர் இல்லை. நிபோங் திபால் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பதினைந்து வயதில் பஸ் கழுவ வந்து, இருபத்து மூன்றில் அதே பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். தைப்பூசக் கூட்டத்தில் தண்ணீர்மலைக் கோயில் ரோட்டில் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். சொல்லட்டுமே, ஓட்டியது அவர்தானே! ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார உடம்பு கேட்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் வேன் ஓட்டச் சேர்ந்தார்.

அந்த வேன் கம்பெனி, பஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து நடந்தது. பாயா தெருபோங் மேட்டில் குடியிருப்பவர்கள் முதல் நாளே கைப்பேசியில் இடம் பிடித்துவிடுவார்கள். காலையில் வேன் அவர்களை அங்கங்கே ஏற்றிவந்து, மெயின் ரோட்டில் ஆறே முக்கால் பஸ்ஸுக்கு விடும். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் ஏற வேண்டியவர் பேர், நிற்கும் இடம், அப்புறம் இரண்டு பொத்தான்கள்: ஏறினார், வரவில்லை. மூன்று முறை ‘வரவில்லை’ விழுந்தால் அந்த ஆளுக்கு இரண்டு வாரம் வேன் கிடையாது.

ஹென்றி பேரை மட்டும்தான் பார்ப்பார். “இந்த மேட்டுல எனக்குத் தெரியாத சந்தா? மேப்பு எனக்கு வழி காட்டுமா?” என்பார். பதினொரு மாதத்தில் ஒரு நாளும் அவர் வேன் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. ஆபீஸ் சுவரில் அவர் படத்தை மாட்டியிருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை, அந்த வேனில் வேலைக்குப் போகும் புஷ்பவள்ளி குடியிருக்கும் சந்தின் வாயைக் கல்யாணப் பந்தல் அடைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் விருந்து என்றால் ரோட்டை மறித்துப் பந்தல் போடுவது அங்கே வழக்கம்; யாரும் முகம் சுளிப்பதில்லை. ஹென்றி அசரவில்லை. சந்து முனையில் இருக்கும் சூராவ் என்ற சிறு தொழுகைக் கூடத்துக்கு முன்பே பின்சந்தில் நுழைந்து, அவள் வீட்டுப் பின்கதவருகே நிறுத்தி ஹார்ன் அடித்தார். மூன்று நிமிடம் ஆயிற்று. ஆளைக் காணோம்.

“பொறுங்கண்ணே, ஒரு போன் போட்டுப் பாருங்க,” என்றார் பின்சீட்டிலிருந்த நோர்மா அக்கா. கொம்தார் கட்டடத்தில் துணிக்கடை வைத்திருப்பவர்.

“ஸ்டீயரிங் புடிச்ச கையில போன் புடிக்க மாட்டேன் லா. ஒருத்திக்காக ஆறு பேர் பஸ்ஸ விடணுமா?”

‘வரவில்லை’யை அமுக்கினார். வெள்ளிக்கிழமையும் அதே கதை. சனிக்கிழமை, “ராணியம்மா இன்னும் தூங்குறாங்க போல. எழுப்பிவிட ஆள் வெச்சிருக்கணும்,” என்றார். வேனே சிரித்தது.

திங்கட்கிழமை பட்டியலில் புஷ்பவள்ளியின் பேர் இல்லை. ஹென்றி மெயின் ரோட்டில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, அவள் மேட்டிலிருந்து தூறலில் நடந்தே இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரித் துப்புரவாளர்களின் நீலச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

“என்ன வள்ளி, இன்னிக்கு நேரத்தோட முழிப்பு வந்துருச்சா?”

அவள் நின்றாள். “மூணு நாளும் சூராவ் வாசல்லதான் நின்னேண்ணே. பந்தல் போட்டிருக்கு, அங்க வந்து நில்லுன்னு தினமும் மெசேஜ் வந்துச்சு. உங்க வேன் பின்சந்துல திரும்பிப் போறதப் பார்த்துக் கையக்கூட ஆட்டினேன். போன் போட்டேன், நீங்க எடுக்கல. மூணு நாளும் வேலைக்கு லேட்டு. இப்ப வேனும் இல்ல. நான் இன்னும் புரொபேஷன்ல இருக்கேன். என் தப்பு இல்லன்னு உங்க கம்பெனி லெட்டர் குடுக்கலன்னா, வர்ற வெள்ளிக்கிழமையோட நிறுத்திருவாங்க.”

நோர்மா அக்கா வேனுக்குள் தலையை நீட்டித் திரையை விரலால் தள்ளிப் பார்த்தார். “இங்க போட்டிருக்குதேண்ணே. சூராவ் முன்னால ஏத்தணும்னு மூணு நாளும் வந்திருக்கு.”

“வெயில் அடிச்சா ஸ்கிரீன் தெரிய மாட்டேங்குதுக்கா.”

சூரியன் இன்னும் எழவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் ஆபீஸில் டேரில் கூப்பிட்டான். பயணிகளின் புகார்களைக் கவனிக்கும் பையன். “அங்கிள், இந்தம்மா கம்ப்ளெய்ண்ட் பண்ணியிருக்காங்க. நீங்க போனீங்க, அவங்க இல்ல. அவ்வளவுதானே? முடிச்சிரட்டுமா?”

“ஆமா தம்பி,” என்றார் ஹென்றி.

செவ்வாய்க்கிழமை வேன் மேட்டில் இறங்கும்போது புஷ்பவள்ளி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். வேன் சத்தம் கேட்டதும் கால்வாய் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நோர்மா அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹென்றியின் காது மடல் சுட்டது.

ஆட்களை இறக்கிவிட்டு நேரே ஆபீஸுக்குப் போனார். பெஞ்சில் இரண்டு ஓட்டுநர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, நேத்து நான் சொன்னது பொய். அந்தப் பொண்ணு சரியான இடத்துலதான் நின்னுச்சு. நான்தான் பின்சந்துக்குப் போனேன்.”

“மெசேஜ் பார்க்கலையா அங்கிள்? காரணம் எழுதணும்.”

ஹென்றி குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மலாய் சரியா படிக்க வராது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள ஸ்கிரீன் மாறிடும்.”

“வேலைக்குச் சேரும்போது ஃபார்ம் ஃபைவ், ஹைஸ்கூல் முழுசும் முடிச்சதா போட்டிருக்கீங்களே?”

“அதுவும் பொய்தான்.”

ஓட்டுநர்கள் இரண்டு பேரும் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் ரோட்டில் எவனெவனோ ஏசியிருக்கிறான். அதெல்லாம் இப்படிக் குத்தியதில்லை. சுவரிலிருந்து படம் இறங்கியது. அவருக்கு இரண்டு வாரம் வேன் கிடையாது. புஷ்பவள்ளியின் ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தை டேரில் படித்துக் காட்ட, ஹென்றி கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து கடிதத்தைக் கொடுத்தார். புஷ்பவள்ளி ஒரு வரி விடாமல் படித்தாள். அவருக்குப் படிக்க வராது என்ற வரியில் நிறுத்தி, அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“இதையெல்லாமா எழுதச் சொன்னாங்க?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“திங்கக்கிழமையே சொல்லியிருந்தா, நேத்து சூப்பர்வைசர்கிட்ட அத்தனை பேர் முன்னால ஏச்சு வாங்கியிருக்க மாட்டேண்ணே.”

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். வாய் திறப்பதற்குள் பஸ் வந்தது; அவள் ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோர்மா அக்கா போன் செய்தார். “வள்ளிய நிறுத்தலண்ணே. இன்னும் ஒரு மாசம் பார்க்குறாங்களாம்.”

“நல்லது, நல்லது. என்னைப் பத்தி ஏதாவது சொல்லுச்சாக்கா?”

“இல்லண்ணே. ஒண்ணும் சொல்லல.”

கேட்டிருக்கவே கூடாது என்று ஹென்றிக்குப் பட்டது. “சரிக்கா,” என்று போனை வைத்தார்.