ரயிலில் சிந்திய ஏரி மண்

இன்று காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு மண்சரிவு. எதிரில் இருந்த மாணவியின் மடியிலிருந்த பை கிழிந்து, இமயமலை அளவு மண் என் புதுச் செருப்பில் கொட்டியது.

"சாரி அங்கிள். இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கிறேன். சோதனைக்கு எடுத்த ஏரி மண்ணு. இன்னிக்கு குடுக்கலைன்னா மார்க் பூடும்." அழுதுவிடுவாள் போலிருந்தது.

வந்து சேர்ந்தது சரியான ஆளிடம். எழுபதுகளில் அதே படிப்பைப் படித்த மாமேதை நான். எங்கள் பல்கலைக்கழகம் மிகச் சிறியது. ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் துணைவேந்தர் முகம் துடைப்பார்.

"இதுக்கா பேஜாராவுற? நான் கொண்டாந்த ஏரி மண்ணை எங்கம்மா அடுப்புக்குப் பூசிட்டாங்க. ஆட்டுக் கொட்டாயில ஒரு டப்பா வாரிக்கினு போய், ஏரி மண்ணுன்னு குடுத்தேன். ஜில்லாவுலயே இவ்ளோ சத்தான மண்ணு இல்லைன்னு புரொபசர் ஆடிப்போய்ட்டாரு. முதல் மார்க் எனக்குத்தான். நீயும் கீழ கெடக்கறதக் கூட்டி அள்ளு."

அவள் யோசித்தாள். "அப்போ அந்தப் பட்டம் ஆட்டுக்குத்தானே அங்கிள் சேரணும்?"

பெட்டியே சிரித்தது, கடைசிப் பெட்டியில் கார்டும் சிரித்ததாகக் கேள்வி.

அவள் தன் ஆசிரியருக்குப் போன் போட்டு, நடந்ததை அப்படியே சொல்லி, நாளை வரை அவகாசம் வாங்கினாள். மறுபடி மண் அள்ளப் பொன்னேரியில் இறங்கிவிட்டாள்.

கூடத்தில் மாட்டியிருக்கும் பட்டத்தை நான் யாரிடம் ஒப்படைப்பது? அந்த ஆடுகளின் வாரிசுகள் யாரையாவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.