கடலுக்குள் போன மதிலைச் சுற்றியது

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையை விட்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் பதினான்கு பேர். நின்றால் கேள்வி கேட்பார்கள் என்பதால்தான் அந்த வேகம். உள்ளே இருந்தபோதே அவர்களில் மூத்தவரின் சம்சாரம், "இத யாரு தம்பி கட்டனது?" என்று கேட்டிருந்தார்.

"வெள்ளைக்காரன்."

"எந்த வெள்ளைக்காரன்?"

"அது அடுத்த ஊர்லதாம்மா நல்லா தெரியும்" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். திருப்பூரில் ஒரு வருஷம், கோவாவில் ஓட்டல் பாத்திரம் கழுவி இரண்டு வருஷம் என்று சுற்றிவிட்டு அப்போதுதான் திருவண்ணாமலை திரும்பியிருந்தேன். செங்கம் ரோட்டில் வேன் வைத்திருந்தவரிடம், கடலோரத்துக் கோட்டை மதில் ஊர்களெல்லாம் எனக்கு அத்துப்படி என்று அளந்தேன். "இந்த ட்ரிப்புல ஜனங்க நல்லா சொன்னா நீதான் கைடு. பின்னாடி ரூம் சும்மாதான் கெடக்குது, படுத்துக்க" என்றார். பஸ் ஸ்டாண்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் நான். மழை வந்தால் உட்கார்ந்து தூங்குவேன். எனக்கு அந்த ரூம் வேண்டும். வேனை ஓட்டியவர் ஓனரின் மச்சான். நான் பேசுவதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

தரங்கம்பாடி வாசலில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வெள்ளை வளைவு. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இது வாசல். உள்ள ஊரு. அதுக்கு அந்தாண்ட கடல்" என்றேன். சரக்கு தீர்ந்துவிட்டது.

மூத்தவர் கேட்டார்: "செருப்ப எங்க உடறது?"

பெண்கள் அதற்குள் வேனிலேயே கழற்றியிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களை ஒரு பழைய மதிலின் முன்னால் இறக்கிவிட்டால் கால் தானாக வெறுங்காலாகிவிடும். எனக்குப் புத்தி வந்தது.

"இங்கியே உடுங்க. ஒரு சுத்து வரணும்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊரை வலப்பக்கம் வைத்து, ரோட்டின் இடது ஓரமாக, கிரிவலம் போவதுபோல வரிசையாக நடந்தார்கள். நான் முன்னால் போனேன். மதில் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்று எனக்குத் தெரியாது. பழைய செங்கல் தெரிந்த இடமெல்லாம் மதில் என்று கை காட்டினேன். கடலோரம் பாதி இடிந்த சிவன் கோயில் ஒன்று வந்து என்னைக் காப்பாற்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கோயில் தாண்டினால் வெறும் பாறாங்கல்லும் அலையும்தான்.

"சுவரு எங்க தம்பி?" என்றார் அந்த அம்மா.

"கடல் தின்னுடுச்சும்மா. தண்ணிக்குள்ள இருக்குது."

அவர் அலையை எட்டிப் பார்த்தார். "அப்ப சுவத்துக்கு அந்தாண்ட போனாத்தான சுத்து சேரும்?"

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணல் சரிந்த இடமாகப் பார்த்து இறங்கிவிட்டார். மூத்தவர் பின்னால் போனார். பிறகு எல்லோரும். முழங்கால் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று போனார்கள். ஒரு அலை வந்து பதினான்கு பேரையும் தோள்வரை நனைத்தது. சிரிப்பு அடங்கவே இல்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் என்னிடம் கேட்டார்: "என்ன பண்றாங்க?"

"கோட்டைய சுத்தறாங்க."

"எதுக்கு?"

"திருவண்ணாமலைங்க."

அது போதும் என்பதுபோல் அவர் வலைக்குத் திரும்பினார்.

வேனில் ஏறும்போது மூத்தவர் என் முதுகில் தட்டி, "ராஜா கதையெல்லாம் எவன் வேணும்னாலும் சொல்லுவான்யா. இந்த மாதிரி சுத்து எவன் காட்டுவான்?" என்றார். ரூம் என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். டிரைவர் ஈர சீட்டுகளைப் பார்த்தார். சிதம்பரத்தில் டீக்கு நிறுத்தியபோது தனியாகப் போய் போன் பேசினார்.

மறுநாள் காலை ஓனர் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். சீட்டில் உப்பு பூத்திருந்தது. தரையில் கால் படி மணல்.

"ஜனங்க உன்ன ரொம்ப நல்லாத்தான் சொன்னாங்க" என்றார். "அடுத்த தடவ படகுல கூட்டினு போயி நடுக்கடல்ல உடுவ. கைடு வேணாம்பா. வண்டி கழுவறியா?"

"ரூம்ணே?"

"கழுவறவனுக்கு எதுக்கு ரூம்? வண்டியிலியே படுத்துக்க. சீட்டு காயட்டும்."

வாளி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.