மாத்திரை கிடைக்காத மாதங்கள்

குளிரூட்டிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில்தான் எனக்கு முதன்முதலில் அப்படி வியர்த்தது. அம்பத்தூரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அந்த இடத்தில் உட்கார யாருக்கும் பிடிக்காது. அன்று மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, நெற்றி என்று ஏறியது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சூடு தானாக அடங்கி உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் வரவில்லை. அந்தச் சூடு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மாதவிலக்கு தள்ளிப்போனது, பிறகு நின்றேபோனது. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. திருமணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கர்ப்பம் என்று நம்பித்தான் நானும் என் கணவர் சரவணனும் குமணன்சாவடியில் இருந்த மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனோம்.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சில வாரங்கள் கழித்து அதையே மறுபடியும் செய்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த தாழ்வாரம் முழுவதும் வயிற்றைத் தாங்கியபடி பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையாவது மாதம் என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். இன்னும் தெரியவில்லை என்றேன்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. என் சினைப்பைகள் சுருங்கிவிட்டன என்றார். இதற்குச் சினைப்பை முன்கூட்டிச் செயலிழத்தல் என்று பெயர் (நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பைகள் முட்டையையும் ஹார்மோனையும் தருவதைக் குறைத்து நிறுத்திக்கொள்வது). மிக அரிதாகச் சிலருக்கு இயல்பாகக் கரு தங்கலாம், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்றார். குழந்தையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் எலும்பையும் இதயத்தையும் காப்பாற்றியாக வேண்டும் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் (சினைப்பை சுரக்க வேண்டிய இரண்டு ஹார்மோன்கள்) ஒரே அட்டையில் முறைப்படி அடுக்கப்பட்ட மாத்திரை அது. அதைச் சாப்பிட்டால் சூடு அடங்கும், மாதாமாதம் ரத்தப்போக்கும் வரும்.

திரும்பும் வழியில் சரவணன் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அம்மாகிட்ட இப்போ சொல்ல வேண்டாம், வனிதா. நேரம் பார்த்து நானே சொல்றேன்" என்றார்.

எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

சரவணன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் எங்களோடு அவருடைய அம்மாவும் இருந்தார். சேலம் பக்கத்துக்காரர். அத்தை என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் மாதவிலக்கு வந்தால் என்னைத் தனியாக உட்கார வைப்பார். தட்டை எட்டி வைத்துவிட்டு, "இந்த மாசமும் வந்துடுச்சா" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். மாத்திரையால் வரவழைத்த ரத்தத்துக்காக நான் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன். சரவணன் சொல்ல வேண்டிய நேரம் வரவே இல்லை. இப்படியே இரண்டு வருடம் போனது.

அதன்பிறகு மாத்திரை கிடைக்காமல் போனது.

நாளைக்கு வந்துவிடும் என்றார் மருந்துக் கடைக்காரர். அடுத்த வாரம் என்றார். கடைசியில் கம்பெனியிலிருந்தே வரவில்லை என்று கையை விரித்தார். ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர், பூந்தமல்லி என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் என் பழைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வயதான பெண்களுக்கானதாயிற்றே, யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், கடைகளில் அலைவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். நான் கடைசியாகத்தான் போனேன். அதற்குள் மாத்திரை இல்லாமல் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சூடு திரும்பியது. மூட்டுகள் வலித்தன. எழுந்து நின்றால் தலை சுற்றியது. கணவரோடு படுப்பது வேதனையாக இருந்தது (ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்ந்துவிடும்). ரத்தப்போக்கும் நின்றுவிட்டது.

அத்தை அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு காலையில் என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டார். அதன்பின் துணி துவைக்க விடவில்லை. மீன் வாசம் எனக்கு ஆகாது என்று அவராகவே முடிவுசெய்து வெளியே வைத்துப் பொரித்தார். மாதுளையை உரித்துக் கிண்ணத்தில் போட்டு என் பக்கத்தில் வைத்தார். தலை சுற்றி உட்கார்ந்தபோது என் நெற்றியில் கை வைத்தார். அந்த வீட்டில் என்னை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

இன்றே சொல்லிவிடுங்கள் என்று சரவணனிடம் கெஞ்சினேன்.

"நாலு நாள் போகட்டும். அம்மா இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல" என்றார்.

அதற்குள் எதிர்வீட்டு அக்காவிலிருந்து தண்ணீர் லாரிக்கு நிற்கும் பெண்கள் வரை எல்லோருக்கும் செய்தி போய்விட்டது.

குமணன்சாவடி மருத்துவர் என்னைக் கோபித்துக்கொண்டார். ஒரு மருந்து இல்லையென்றால் சிகிச்சையே இல்லை என்றாகிவிடாது என்றார். அதே ஹார்மோன்களைத் தனித்தனி மாத்திரையாகத் தரலாம். தோலில் தடவும் ஜெல்லாகவோ ஒட்டும் பட்டையாகவோ ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்துவிட்டு, புரோஜெஸ்டிரோனை மட்டும் மாத்திரையாகத் தரலாம். கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது. எடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் பின்னாளில் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். கடையில் தருகிற மூலிகைப் பொடியும் சோயாப் பொடியும் என் வயதில் எலும்பைக் காப்பாற்றாது. எல்லாம் சொல்லிவிட்டுப் பல கடைகளுக்குப் போன் செய்து பார்த்தார். அந்த வாரம் எதுவுமே இருப்பில் இல்லை.

"அதுவரைக்கும் கருத்தடை மாத்திரை போடுங்க. அதுலயும் இதே வகை ஹார்மோன்தான், கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். கண்ணில் மின்னல் தெறிக்கிற மாதிரி ஒற்றைத் தலைவலி உண்டா, காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார். அவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த மாத்திரை கூடாது என்றார். எதுவும் எனக்கு இல்லை. கடைக்குள் போய் அதை வாங்கி வந்தவர் சரவணன். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

சில நாட்களில் சூடு தணிந்தது. அந்த அட்டை முடிந்ததும் ரத்தம் வந்தது.

அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. கரு கலைந்துவிட்டது என்று அவரே அழுது அவரே எல்லோரிடமும் சொன்னார். என்னைத் தேற்ற வந்த பெண்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த அட்டையைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். பீரோவைத் துடைக்கும்போது அத்தை அதை எடுத்துவிட்டார். எதிர்வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பிள்ளை பெற்ற பிறகு அதையே சாப்பிட்டவர் அந்த அக்கா. பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

நான் வேலை முடிந்து வந்தபோது சரவணன் கூடத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை அட்டையை அவர் முன்னால் தரையில் போட்டார்.

"வயித்துல இருந்தத இவளே கலைச்சிருக்கா. இனிமே தங்கக் கூடாதுன்னு இதையும் முழுங்குறா. கேளுடா."

நான் சரவணனைப் பார்த்தேன். சொல்ல வேண்டிய நேரத்துக்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தார், இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். கழற்றிய காலணியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

"எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு நானே சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என் உடம்பில் முட்டை இல்லை. கரு உருவாகவும் இல்லை, கலையவும் இல்லை. வந்த ரத்தமெல்லாம் மாத்திரையால் வந்தது. எல்லாம் உங்கள் மகனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அத்தைக்குக் கடைசி வாக்கியம் காதில் விழவே இல்லை.

"ரெண்டு வருஷமா ரத்தத்தக் காட்டி என்னை ஏமாத்தினியா?" என்றார். பிறகு மாதுளையைச் சொன்னார். ஒரு மலடிக்கு உரித்துக் கொடுத்தேனே என்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அட்டையை எடுத்துப்போய்க் குப்பைக் கூடையில் போட்டார். சரவணன் எழுந்து குளிக்கப் போனார்.

மறுநாள் நான் கள்ளிக்குப்பத்தில் என் அம்மா வீட்டுக்கு வந்தேன். அம்மா அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இத்த இன்னாத்துக்கு நீயா சொன்ன? வாய மூடிகினு இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாளு ஓடியிருக்கும்ல" என்று கேட்டாள். அவள் என்மீது உள்ள பாசத்தில்தான் கேட்டாள். அத்தை சொன்னதைவிட அது அதிகமாக வலித்தது.

அதன்பின் சரவணன் ஒரே ஒரு தடவை வந்தார். பிரிவதைப் பற்றிப் பேசத்தான் வந்தார். மேசையில் இருந்த மருந்துப் பையைப் பார்த்துவிட்டு, "குழந்தை இல்லன்னு ஆயிடுச்சு. இனிமே இதெல்லாம் எதுக்கு?" என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அவரிடம் எலும்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் (எலும்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்ப்பது) என் இடுப்பு எலும்பு ஏற்கெனவே மெலியத் தொடங்கியிருந்தது. அதை இனி அவர் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீதிமன்றத்தில் எல்லாம் அமைதியாக முடிந்தது. ஆவடிச் சந்தையில் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தேன். சரவணனுக்குப் பெண் பார்க்கிறார்கள், பெண்ணுக்கு முதலிலேயே ஸ்கேன் எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள் என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் கத்திரிக்காயைப் பொறுக்கப் போய்விட்டார்.

ஜெல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. மருத்துவர் அப்போது ஒரு கேள்வி கேட்டார். புரோஜெஸ்டிரோனை மாதத்தில் பாதி நாள் மட்டும் எடுத்தால் ரத்தப்போக்கு வரும், தினமும் எடுத்தால் நாளடைவில் வராது, உங்களுக்கு எது வேண்டும் என்றார். என் உடம்பைப் பற்றி என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர்தான். ரத்தம் வேண்டாம் என்றேன்.

இப்போது ரத்தம் இல்லை. மாதம் பிறப்பதும் முடிவதும் என் உடம்புக்குத் தெரிவதில்லை. ஐம்பது வயது வரை இந்த மருந்தை விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அலுவலகத்தில் என் வயதுப் பெண்கள் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றிப் பேசுவார்கள். ஓய்வு பெறப்போகிற அம்மா ஒருவர் மின்விசிறிக்கடியில் வந்து நின்று, "என்னமோ குபுகுபுன்னு வருதும்மா" என்பார். அவரோடு பேசுவது எனக்கு எளிதாக இருக்கிறது. நான் ஏன் அதை இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

ஜெல்லும் ஒருநாள் கிடைக்காமல் போகலாம். குழாயில் பாதி தீர்ந்ததுமே அடுத்ததை வாங்கிவிடுகிறேன். அது இல்லையென்றால் அடுத்து எது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் கேட்டு வையுங்கள்.

காலையில் குளித்த பிறகு ஜெல்லை மேல்கையில் தடவுகிறேன். அது காயும் வரை உடை படக் கூடாது, யாரும் தொடவும் கூடாது. கையை விலக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரத்தில் என்னால் எதுவும் செய்ய முடியாது. எதையும் நான் செய்ய வேண்டியதும் இல்லை.

ஜெல் தடவிய முதல் நாள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, கைய நீட்டிகினு குந்திகினு கீற? ஆபீசுக்கு நேரம் ஆவல?"

"காயட்டும்மா" என்றேன்.