கருப்பு மை பூசிய கார்டு

வெள்ளைக்காரன் ஆட்சியில் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கல்யாணமான நான்காம் மாதமே அண்ணன் கடற்படையில் சேர்ந்துவிட்டான். எதிரி நாட்டுக்குச் சரக்கு போகாதபடி கடலை மறித்து நிற்கும் கப்பலில் வேலை. மாதம் ஒரு கார்டு போடுவான். அவன் போனபின் எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன்.

அன்று கடலைக்காட்டிலிருந்து திரும்பி வந்தால் வாசலில் ஒப்பாரி. வந்த கார்டில் கருப்பு மை இருந்ததாம். எங்கள் பக்கம் சாவுச் செய்தி எழுதும் கார்டில்தான் கருப்பு மை தடவுவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே கிழித்துப் போடுவது வழக்கம். அப்பா அப்படியே செய்துவிட்டார். காட்டிலிருந்த என்னைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. படிக்கத் தெரிந்த தபால்காரரோ மையைப் பார்த்ததும் கார்டை நீட்டிவிட்டுத் தலை குனிந்து போய்விட்டார்.

அதற்குள் பங்காளி வீட்டுப் பெண்கள் அண்ணியின் வளையல்களை உடைத்துவிட்டார்கள். மணிக்கட்டெல்லாம் ரத்தம். அடுத்து தாலியில் கை வைக்கப் போனார்கள். நான் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி ஆட்டுக்கல்லின் மேல் சேர்த்து வைத்தேன். முதல் வரியே 'நான் சௌக்கியம்'. நடுவில் ஐந்து வரிகளை, வெளியே தெரியக்கூடாதென்று கப்பல் அதிகாரிகள் மை பூசி அடித்திருந்தார்கள். கடைசியில், செவலை மாடு கன்று போட்டதா என்று கேட்டிருந்தான்.

"செத்தவன் மாட்டை விசாரிப்பானுங்களா? இது அண்ணன் கையெழுத்துங்க" என்று கத்தினேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் அதே பெண்கள் சந்தையில் புது வளையல் வாங்கி வந்தார்கள். அண்ணி கையை நீட்டவே இல்லை.

"படிச்சுப் பாக்காம ஒடச்ச கை போட வேண்டாமுங்க. அவரு வந்து போடட்டும்."

ஒன்றரை வருஷம் வெறுங்கையோடு இருந்தாள். ஊர் முணுமுணுத்தது. அண்ணன் வந்துதான் போட்டுவிட்டான். அந்த ஐந்து வரியில் என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"எங்களுக்குப் புழுத்த அரிசி, வெள்ளைக்காரனுக்கு வேற சாப்பாடு. அதத்தான் எழுதுனேன் சாமி."

புழுத்த அரிசி என்ன ராணுவ ரகசியமா? அதை மறைக்கப் பூசிய மையில் என் அண்ணி உயிரோடிருக்கும் புருஷனுக்குத் தாலியறுக்க இருந்தாள். மை பூசியவன் எங்கோ கடலில் இருந்தான். வளையலை உடைத்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். இன்றும் ஒரு வீட்டில் கடிதம் வந்து அழுகிறார்கள் என்றால், முதலில் அதைப் படித்தீர்களா என்றுதான் சண்டைக்குப் போகிறேன்.