இரட்டையரில் ஒருத்தி

அபாரத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றின் நுழைவுத்தேர்வுக்குக் காலடிப்பேட்டையில் பயிற்சி கொடுத்துவந்தேன். இறால் உரிக்கும் ஒரு பெண் வேலை முடிந்த கையோடு மகளை அழைத்துவருவார். அவர் விரல்நுனிகள் ஊறி வெளுத்திருக்கும். வகுப்பு முடியும்வரை வாசலில் உட்கார்ந்து, நான் பலகையில் போடும் புதிர்க் கணக்குகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

“யாருக்கு?” என்று கேட்டேன்.

“இவகூடப் பொறந்தவளுக்கு சார். ரெட்டைப் புள்ளைங்க.”

“அவளும் தேர்வு எழுதட்டுமே.”

அவர் தலை குனிந்துகொண்டார். “ரெண்டு பேரும் எழுதி ஒருத்தி மட்டும் பாஸானா, இன்னொருத்தி தன்னை மக்குன்னு நெனச்சுக்குவா சார். எழுதவே இல்லன்னா, என்னைத் திட்டிகினு இருப்பா. அது பரவால்ல.”

வந்தவள் தேர்வாகி விடுதிக்குப் போனாள். மற்றவளை நான் பார்த்ததேயில்லை. இருவரில் யாரை அழைத்துவருவது என்று அந்தத் தாய் எப்படி முடிவு செய்தார் என்று கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை.